பாட்டரி அண்ணனின் மூளித் தட்டு

எங்கள் வீட்டுப் பூஜைத் தட்டின் விளிம்பில் இரண்டு இடங்களில் பித்தளை உருகி, வழிந்து, கறுத்துப்போயிருக்கிறது. எலி கடித்த ரொட்டி மாதிரி இருக்கும். மூளியான பாத்திரம் பூஜைக்கு ஆகாது என்று எனக்கும் தெரியும். தெரியாது என்று நினைத்துக்கொண்டு, வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவரும் அதை எனக்குச் சொல்லித்தந்துவிட்டுத்தான் போகிறார்கள். பண்டாரவளையிலிருந்து வந்த சம்பந்தி அம்மாள் ஒரு தரம் புதுத் தட்டே வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். அதில் இப்போது சின்ன வெங்காயம் கொட்டி வைத்திருக்கிறேன். ஆயுத பூஜை அன்றைக்கு சாமிக்கு முன்னால் வருவது இந்த மூளித் தட்டுதான். அதுவும், கரிந்த பக்கம் என்னைப் பார்த்தபடி இருக்கும். ஏன் அப்படி என்று கேட்பவர்களை, உட்காருங்கள், தேத்தண்ணி குடித்துக்கொண்டே சொல்கிறேன் என்பேன். பாதிப் பேர் தேத்தண்ணி முடிந்ததும் எழுந்து போய்விடுவார்கள். நீங்களாவது இருந்து கேளுங்கள்.

பெரிய யுத்தம் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்த காலம். பதுளையில் மருத்துவச்சி வேலை பழகிக்கொண்டு, பசறைக்கும் மடுல்சீமைக்கும் நடுவில் ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்கு வந்தேன். வந்த இடத்திலேயே மேற்கணக்கின் கணக்கப்பிள்ளையைக் கல்யாணமும் கட்டிக்கொண்டேன். தோட்டத்தின் பிரிவுகளைக் கணக்கு என்றுதான் எங்கள் பக்கத்தில் சொல்வோம். எங்கள் தோட்டத்துக்கு மேற்கணக்கு ஒன்று, கீழ்க்கணக்கு ஒன்று. இரண்டுக்கும் நடுவில் தண்ணீர். தேயிலை ஆலையின் சக்கரத்தைச் சுற்றவும் டைனமோவை ஓட்டவும் ஓடையை மறித்துக் கட்டிய டேம் அது. ஆலையும் ஆஸ்பத்திரியும் டாக்டர் ஐயாவும் கீழ்க்கணக்கில். பிள்ளை பெறுகிறவர்கள் அதிகம் இருந்ததோ மேற்கணக்கு லயங்களில், தோட்டத்து ஆட்களின் வரிசை வீடுகளில். சுற்றிப் போக ஒரு மலைப்பாதை உண்டு. ஏறி இறங்கி, ஓடைப் பாலத்தைத் தாண்டி, ஆளைக் கம்பளியில் தூளி கட்டித் தூக்கிக்கொண்டு போனால் போய்ச் சேருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். நேர்வழி தண்ணீர்தான். அந்தத் தண்ணீரில் ஓடியது பாட்டரி அண்ணனின் படகு.

படகு அவருடையது இல்லை, தோட்டத்து வெள்ளைக்காரத் துரையுடையது. துரையின் சம்சாரம் துரைசாணி அம்மாவுக்கு இரைச்சலும் ஆகாது, புகையும் ஆகாது. அவருக்காகத் துரை சீமையிலிருந்து வரவழைத்தது. நிலக்கரி கிடையாது, எண்ணெய் கிடையாது. நடுவில் ஒரு பலகைப் பெட்டி, அதற்குள் வரிசையாகக் கண்ணாடி ஜாடிகள், ஒவ்வொன்றிலும் ஈயத் தகடுகள் ஆசிட்டில் முங்கிக் கிடக்கும். ஒரு ஜாடியை அடுத்ததோடு ஈயப் பட்டையால் கோத்திருப்பார்கள். அந்தப் பாட்டரியிலிருந்துதான் அடியில் இருக்கிற சின்ன மோட்டாருக்குக் கரண்டு. ஆலையின் டைனமோவில் ஒரு பகல் முழுக்க ஏற்றினால் டேமில் நாலைந்து நடை போய் வரலாம். துரைசாணி சில சாயங்காலங்களில் குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்து போனார். அப்புறம் இங்கத்தைய மழை பிடிக்கவில்லை என்று சீமைக்கே போய்விட்டார். படகு ஓரமாகக் கிடந்தது. டாக்டர் ஐயாதான் துரையிடம் பேசி, நோயாளிகளையும் பிள்ளைத்தாய்ச்சிகளையும் ஏற்றி இறக்க அதைக் கேட்டு வாங்கினார். படகோடு சேர்ந்து, ஆலையில் டைனமோவைப் பார்த்துக்கொண்டிருந்த ஆளும் எங்களுக்கு வந்து சேர்ந்தார். அன்றிலிருந்து அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் போய், பாட்டரி அண்ணன் என்ற பெயர் நிலைத்துவிட்டது.

அடக்கமான மனிதர் என்று அவரைச் சொன்னால் அவரே கோபித்துக்கொள்வார். மோட்டாரைப் பூட்டிக்கொடுக்கக் கொழும்பிலிருந்து வந்த பிட்டர் துரை தனக்கு மட்டும்தான் பாட்டரியின் உள்விவகாரத்தைச் சொல்லிக்கொடுத்தார் என்பதை ஏறுகிற ஒவ்வொருவருக்கும் சொல்லுவார். இறங்கும்போது இன்னொரு தரம் சொல்லுவார். அவர் சட்டைகளில் ஆசிட் பட்டுப் பொத்தல் விழாத சட்டை ஒன்றும் கிடையாது. அந்தப் பொத்தல்களையும் ஏதோ பட்டாளத்தில் வாங்கிய காயம் மாதிரி காட்டுவார். படகில் வெற்றிலை போடக்கூடாது. பாட்டரி ஏறும்போது பக்கத்தில் சுருட்டு பிடிக்கக்கூடாது, பிடித்தால் வெடிக்கும் என்பார். எல்லாவற்றையும் விடப் பெரிய கூத்து, ஜாடியில் குறைகிற தண்ணீருக்கு அவர் பட்ட பாடு. ஓடைத் தண்ணீர் கூடாது, மலையிலிருந்து குழாயில் வந்து விழுகிற பீலித் தண்ணீர் கூடாது, அதில் இரும்பு இருக்குமாம். மழை பெய்யத் தொடங்கியதும் வெள்ளை வேட்டியை நாலு கம்பில் கட்டி, நடுவில் ஒரு கல்லைப் போட்டு, சொட்டுகிற தண்ணீரை எனாமல் பேசினில் பிடிப்பார். அந்தப் பேசினை அவர் சம்சாரம்கூடத் தொடக்கூடாது. "கோயில்ல சாமிக்கே பீலித் தண்ணிதான் ஊத்துறாங்க, ஒங்க பாட்டரி என்ன அண்ணே அதவிட ஆசாரமா" என்று நான் கேட்பேன். "சாமி பொறுத்துக்கும் தங்கச்சி, பாட்டரி பொறுக்காது" என்பார்.

வாய் இப்படி என்றாலும், பெண்களை ஏற்றிக்கொண்டு போகும்போது அவர் நடந்துகொண்ட விதத்தை நான் எங்கேயும் பார்த்ததில்லை. வலியில் துடிக்கிற பெண் பின்னால் கிடப்பாள், நான் பக்கத்தில் இருப்பேன். அவர் முன்பக்கம் பார்த்தபடி உட்கார்ந்தால் கரை சேரும்வரைக்கும் கழுத்தைத் திருப்ப மாட்டார். ஏதாவது கேட்க வேண்டுமானாலும் தண்ணீரைப் பார்த்துத்தான் கேட்பார். மோட்டாரிலிருந்து தேனீ மாதிரி ஒரு சின்னச் சத்தம் வரும், அவ்வளவுதான். குலுக்கல் கிடையாது. தூளியில் போனால் ஒவ்வொரு படியிலும் உடம்பு அதிரும். இதில் போகிறவளுக்குத் தான் நகர்கிறோம் என்பதே தெரியாது. அந்தச் சத்தமில்லாத படகில் நான் பேசுவது மட்டும்தான் கேட்கும். எல்லாப் பெண்களிடமும் நான் சொல்வது ஒன்றுதான். "வலி வரப்ப மல்லுக்கட்டாத. வலி விட்டதும் ஒடம்ப அப்பிடியே போட்டுரு. ஒண்ணும் செய்யாத, சும்மா கெட. அடுத்த வலிக்குத் தெம்பு அங்கதான் ஊறும்." எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேனோ தெரியாது. முன்னால் இருக்கிற முதுகுக்கும் காது இருக்கிறது என்று நான் நினைத்துப் பார்த்ததில்லை.

அப்புறம் எனக்கே மாதம் நிறைந்தது. ஊருக்கெல்லாம் பிள்ளை எடுப்பவள் தன் வயிற்றைத் தானே தடவிப் பார்த்தால் என்ன ஆகும் என்று நினைக்கிறீர்கள். தெரியக்கூடாதது எல்லாம் தெரியும். பிள்ளை குறுக்கே கிடந்தது. தலை ஒரு பக்கம், பின்புறம் இன்னொரு பக்கம். டாக்டர் ஐயா இரண்டு தரம் வெளியிலிருந்து திருப்பிப் பார்த்தார், திரும்பிய பிள்ளை மறுபடியும் பழையபடியே போய்க் கிடந்தது. "வலி கண்டதும் வந்துவிட வேண்டும், பனிக்குடம் உடைவதற்கு முன்னால் வந்துவிட வேண்டும்" என்று சொல்லி அனுப்பினார். அவர் சொல்லாமலே எனக்கு மிச்சம் தெரியும். நீர் உடையாமல் இருந்தால் டாக்டர் கையை விட்டுத் திருப்பிக் காலைப் பிடித்து எடுத்துவிடலாம். உடைந்துவிட்டால் பிள்ளையின் கை முதலில் வெளியே வரும், தோள் இறுகிக்கொள்ளும். அதற்கு மேல் பிள்ளைக்கும் வழியில்லை, தாய்க்கும் வழியில்லை. அப்படிப் போன ஒருத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்திருக்கிறேன். வீட்டுக்காரரிடம் இதைச் சொல்லவில்லை. பாட்டரி அண்ணனிடம் சொன்னேன், படகு தயாராக இருக்க வேண்டுமே என்பதற்காக. "எந்நேரமும் ஏத்தியே வச்சிருக்கேன் தங்கச்சி. மேக்கரையில வெள்ள வேட்டிய ஒரு கம்புல ஒசத்தச் சொல்லுங்க. நான் வந்து நிப்பேன்" என்றார்.

ஐப்பசி பிறப்பதற்கு முன்னாலேயே மழை பிடித்துக்கொண்டது. மலைப்பாதையில் மண் சரிந்து ஓடைப் பாலத்தையும் இழுத்துக்கொண்டு போனது. ஆயுத பூஜையும் அந்த மழையோடு வந்தது. எங்கள் ஆட்களுக்கு ஆயுத பூஜை என்றால் சும்மா இல்லை. தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தி, மண் கிளறுகிற முள்ளு, மண்வெட்டி, கொழுந்துக் கூடை எல்லாவற்றையும் கழுவிப் பொட்டு வைத்துப் படுக்கவைப்பார்கள். விடிந்து பூஜை எடுக்கும்வரை எதையும் தொடக்கூடாது. ஆலையில் டைனமோவைக்கூட நிறுத்தி மாலை போட்டுவிடுவார்கள். அந்த வருடம் பாட்டரி அண்ணனுக்குத் தன் பாட்டரியை விட்டுவிட மனசு வரவில்லை. பெட்டியின் மூடியைத் திறந்து ஒவ்வொரு ஜாடிக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார். மேலே வாழையிலை விரித்து, அவர் சம்சாரம் சீராகக் கொண்டுவந்த பித்தளைத் தட்டில் பொரியும் கடலையும் பழமும் வைத்துப் படைத்தார். சுருட்டு நெருப்பை அண்ட விடாத மனிதர், ஈயப் பட்டைகளுக்கு மேலே பித்தளையைக் கொண்டுபோய் வைத்தார். நடுவில் இலை இருக்கிறதே என்று நினைத்தாராம். சாமி காரியத்தில் ஒரு கெடுதலும் வராது என்றும் நினைத்தாராம்.

பொரிக்கு எலி வராதா. வந்து இலையைக் கிழித்து இழுத்திருக்கிறது. தட்டு நழுவிப் பட்டைகளின் மேல் உட்கார்ந்து, கரண்டு முழுக்க அதன் வழியாகவே பாய்ந்துவிட்டது. விடிய அவர் போய்ப் பார்த்தபோது சில ஜாடிகள் வெடித்து, ஆசிட் வழிந்து, தட்டு இரண்டு இடத்தில் உருகிப் பட்டையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அதே காலையில்தான் எனக்கு வலி கண்டது. எங்கள் வீட்டுக்காரர் வேட்டியை உயர்த்தினார்.

பனிமூட்டத்துக்குள்ளிருந்து படகு வந்ததை நான் கரையில் ஒரு கம்பளியில் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். எப்போதும் விறுவிறுவென்று வருகிறது அன்றைக்கு ஊர்ந்து வந்தது. கிட்ட வந்ததும் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தேன். பல் விழுந்த வாய் மாதிரி நடுநடுவே இடம் காலியாகக் கிடந்தது. அவர் எதையும் மறைக்கவில்லை. படகில் ஏறப்போகிற ஒரு பிள்ளைத்தாய்ச்சியின் முகத்தைப் பார்த்து அவர் பேசியது அதுதான் முதல் தடவை.

"தங்கச்சி, தப்பு நடந்துபோச்சு. பூசத் தட்டு பாட்டரி மேல விழுந்து பாதி ஜாடி போயிருச்சு. செத்தத எடுத்துட்டு உசுரோட இருக்கறத மட்டும் கோத்துக் கொண்டாந்திருக்கேன். வேகம் வராது. ஆனா கொண்டுபோய் விட்டுருவேன்."

"மலையச் சுத்திக் கொண்டுபோயிருவமா" என்று கேட்டார் எங்கள் வீட்டுக்காரர். பாலம் இல்லாத பாதையில், தூளியில், அந்தக் குலுக்கலில். நான் வேண்டாம் என்று தலையாட்டினேன். அவரும் ஏற வந்தார். பாட்டரி அண்ணன் கையை நீட்டித் தடுத்துவிட்டார்.

"கணக்கப்புள்ள ஐயா, கோவிச்சுக்காதீங்க. நீங்க வந்தா ஒங்க பாரத்துக்கு ஒரு ஜாடி வேணும். அந்த ஜாடி எங்கிட்ட இல்ல."

"ரெண்டு பேரும் துடுப்புப் போடலாமே."

"எதுத்தாப்புல காத்து. இந்தப் பாரத்துக்குத் துடுப்புப் போட்டா நடுத்தண்ணியில சுத்திக்கிட்டு நிக்கும். ஒல்லியா ஒரு பொம்பளைய அனுப்புங்க, போதும்."

பக்கத்து லயத்தில் கொழுந்து எடுக்கும் ஒருத்தி, காற்றடித்தால் விழுந்துவிடுகிற உடம்பு, வந்து என் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். கரையில் எங்கள் வீட்டுக்காரர் வேட்டி கட்டிய கம்பைக் கீழே போடத் தோன்றாமல் பிடித்துக்கொண்டே நின்றார். அந்தக் கோலம் இன்றைக்கும் என் கண்ணில் இருக்கிறது.

மோட்டாரை முடுக்குகிற கைப்பிடியில் மூன்று படிகள் உண்டு. அண்ணன் முதல் படியில் வைத்தார், அதற்கு மேல் தள்ளவில்லை. நடந்து போகிறவன்கூட எங்களை முந்திக்கொண்டு போய்விடுவான். எனக்கு வலிகள் நெருங்கி வரத் தொடங்கின. ஒவ்வொரு வலிக்கும் நான் தொடையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன், நனைந்திருக்கிறதா என்று. எத்தனையோ பெண்களுக்குச் செய்ததை எனக்கே செய்துகொண்டேன். "அண்ணே, தள்ளுங்க. ரெண்டாவதுக்குத் தள்ளுங்க" என்று கத்தினேன். அவர் தண்ணீரைப் பார்த்தபடி, "தள்ளுனா பாதி வழியில நின்னுரும் தங்கச்சி. மெதுவாப் போனாத்தான் போய்ச் சேருவோம்" என்றார். நான் சொல்லக்கூடாத வார்த்தை எல்லாம் சொன்னேன். அவருடைய பிட்டர் துரையையும் சேர்த்துத் திட்டினேன். கொழுந்துக்காரி என் வாயைப் பொத்தப் பார்த்தாள். அவர் கை முதல் படியை விட்டு நகரவில்லை. வாயாடி மனிதர் பேசாமல் இருப்பது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

டேமுக்கு நடுவில், தண்ணீர் கட்டியபோது முங்கிச் செத்த மரங்கள் கொஞ்சம் உண்டு. மொட்டைக் கிளைகளில் நீர்க்காகங்கள் உட்கார்ந்திருக்கும். அந்த இடத்துக்கு வந்தபோது மோட்டாரின் சத்தம் இளைத்தது. தேனீ போய்க் கொசு ஆனது. அண்ணன் படகை ஒரு மரத்தோடு ஒட்டிக் கயிற்றைப் போட்டுக் கட்டினார். கட்டிவிட்டுக் கைப்பிடியைப் பின்னுக்கு இழுத்து மோட்டாரை நிறுத்திவிட்டார்.

நிறுத்தியேவிட்டார். எதிர்க்கரை தெரிகிறது. ஆலைப் புகைபோக்கி தெரிகிறது. கரையில் டாக்டர் ஐயாவின் வெள்ளைக் கோட்டுகூட மங்கலாகத் தெரிகிறது. இந்த மனிதர் செத்த மரத்தில் படகைக் கட்டிப்போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். எனக்கு அழுகை வந்துவிட்டது. பயத்தில் வந்த அழுகைதான், வேறு பெயர் சொல்ல மாட்டேன். "ஏன் அண்ணே நிப்பாட்டுனீங்க. எம்புள்ள செத்துரும் அண்ணே" என்றேன்.

அவர் திரும்பவில்லை. குரல் மட்டும் வந்தது.

"பாட்டரிக்கு இப்ப வலி விட்டிருக்கு தங்கச்சி. சும்மா கெடக்கட்டும். அடுத்த ஓட்டத்துக்குத் தெம்பு இதுலதான் ஊறும். நீங்களும் ஒடம்பப் போட்டுருங்க. மல்லுக்கட்டாதீங்க."

நான் சொன்ன சொல். என் முன்னால் எத்தனையோ நடைகளில் திரும்பாமல் உட்கார்ந்திருந்த அந்த முதுகு, நான் அந்தப் பெண்களிடம் சொன்னதை எல்லாம் கேட்டு வைத்துக்கொண்டிருக்கிறது. ஊருக்கெல்லாம் சொன்ன நானோ என் முறை வந்தபோது அதை மறந்து, ஒவ்வொரு வலியோடும் கட்டிப் புரண்டுகொண்டிருந்தேன். வலி விட்ட நேரத்தில்கூடப் பல்லைக் கடித்துக்கொண்டு, உடம்பை முறுக்கி, என் நீரை நானே உடைத்துக்கொள்ளப் பார்த்திருக்கிறேன். வெட்கம் ஒரு பக்கம், நன்றி ஒரு பக்கம். உடம்பைத் தளர விட்டேன். கொழுந்துக்காரியின் மடியில் தலை கனத்துச் சாய்ந்தது. மேலே ஒரு நீர்க்காகம் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தது. ஒரு சத்தமும் இல்லை. படகு மரத்தில் இடிக்கிற சின்னத் தட்டல் மட்டும். அடுத்த வலி வந்தது, போனது. தொடை நனையவில்லை.

அப்புறம் அவர் கயிற்றை அவிழ்த்துக் கைப்பிடியை முதல் படிக்குக் கொண்டுபோனார். மோட்டாரில் தேனீச் சத்தம் திரும்பி வந்தது. ஓய்வெடுத்த பாட்டரிக்கு மறுபடியும் கொஞ்சம் உயிர் வரும் என்பதை நான் பிறகுதான் புரிந்துகொண்டேன். அன்றைக்கு அது எனக்கு அதிசயம்தான். கொஞ்ச தூரம் போனோம், சத்தம் இளைத்தது, அடுத்த மரத்தில் கட்டினார். மறுபடி போனோம். அவர் கட்டும்போதெல்லாம் நான் உடம்பைப் போட்டேன். நான் முனகும்போதெல்லாம் அவர் கைப்பிடியை இன்னும் மெல்லத் தொட்டார். பிள்ளை பெறப்போவது நானா, அந்தப் பாட்டரியா என்றே தெரியாத மாதிரி ஒரு பயணம். மரங்கள் முடிந்த பிறகு வெறும் தண்ணீர். கரைக்குக் கிட்டத்தில் மோட்டார் ஒரேயடியாக நின்றுவிட்டது. காற்று எங்களைப் பின்னால் தள்ளத் தொடங்கிய அந்த நொடியில் அவர் பொத்தல் சட்டையோடு தண்ணீரில் குதித்தார். மார்பளவுத் தண்ணீரில் கயிற்றைத் தோளில் போட்டு இழுத்தார். கரையில் இருந்தவர்களும் இறங்கி வந்து பிடித்தார்கள்.

ஆஸ்பத்திரி மேசையில் என்னை ஏற்றும்வரை நீர் உடையவில்லை. டாக்டர் ஐயா மயக்க மருந்து கொடுத்து, பிள்ளையைத் திருப்பிக் காலைப் பிடித்து எடுத்தார். பெண் குழந்தை. முதலில் அழவில்லை என்றார்கள். அப்புறம் நிறுத்தாமல் அழுததை நானே கேட்டேன். எங்கள் வீட்டுக்காரர் பாதையில்லாத மலையை ஏறி இறங்கி, ஓடையில் நனைந்து, மறுநாள்தான் வந்து பிள்ளையைப் பார்த்தார். தன் பாரத்துக்கு ஒரு ஜாடி கொடுக்காத மனிதரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்னும் வியப்பு. துரையின் ஏச்சை வாங்கிக்கொண்டு கொழும்பிலிருந்து புது ஜாடிகள் வந்தன, படகு மறுபடியும் ஓடியது, பாட்டரி அண்ணனின் பெருமையும் மறுபடியும் ஓடியது. துரைசாணியை ஏற்றிய கதை, பிட்டர் துரை கதை எல்லாம் சொல்லுவார். என்னைக் கொண்டுவந்த கதையை மட்டும் யாரிடமும் சொல்ல மாட்டார். நான் நன்றி என்று வாயைத் திறந்தால், "பேசினை வெளியில வச்சுட்டு வந்துட்டேன்" என்று எழுந்து போய்விடுவார். வானத்தில் மேகமே இருக்காது. தொட்டில் போட்ட அன்றைக்கு அவர் சம்சாரம்தான் விஷயத்தைச் சொன்னார். உருகிய தட்டை டேமில் வீசப் போகிறாராம். மூளித் தட்டு வீட்டில் ஆகாது என்பது ஊருக்குச் சொன்ன காரணம். அதைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு பிள்ளையைக் கொல்லப் பார்த்தோமே என்று சோறு இறங்கவில்லையாம் என்பது உண்மையான காரணம். வீச வேண்டாம், எனக்குக் கொடுங்கள் என்று வாங்கி வந்தேன். அவருக்கு அதில் சம்மதமில்லை. ஒவ்வொரு தீபாவளிக்கும் என் மகளுக்குப் பாவாடை கொண்டுவந்து கொடுப்பார், தண்டம் கட்டுகிறவர் மாதிரி தலையைக் குனிந்துகொண்டு. ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும் நான் அவருக்குச் சட்டைத்துணி அனுப்புவேன், நன்றிக்காக. அவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறார், நான் நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறேன், இருவரும் ஒருவரை ஒருவர் கேட்பதாக இல்லை. இப்படியே வருடங்கள் ஓடின.

என் மகளுக்குக் கல்யாணம் வந்தது. அதற்குள் டேமைச் சுற்றி ரோடு போட்டாகிவிட்டது, பஸ் வந்துவிட்டது, படகு ஆலைக்குப் பின்னால் கவிழ்த்துக் கிடந்தது. பாட்டரி அண்ணனின் தலை நரைத்துவிட்டது. வாய் மட்டும் நரைக்கவில்லை. பெரியவர்கள் காலில் விழுந்து ஆசீர்வாதம் வாங்குகிற நேரத்தில் என் மகள் யாரிடமும் கேட்காமல் உள்ளே போய் இந்தத் தட்டை எடுத்து வந்தாள். அதில் வெற்றிலை பாக்கு, விபூதி, குங்குமம். நேராக அவர் முன்னால் போய் நின்றாள். வீட்டில் இருந்த கிழவிகள் எல்லாம் முகத்தைச் சுளித்தார்கள். அவர் தட்டைப் பார்த்தார். அடையாளம் தெரிந்துவிட்டது.

"இது வேணாம்மா. மூளித் தட்டு. நல்ல காரியத்துக்கு ஆகாது" என்றார்.

"நான் பொறந்ததே இந்தத் தட்டோடதான் மாமா. இது ஆகாதுன்னா நானும் ஆகாதவதான்" என்றாள் என் மகள். என் வாய் அப்படியே அவளுக்கு வந்திருக்கிறது, என்ன செய்ய.

சொல்லிவிட்டு அவர் காலில் விழுந்தாள். படகை மரத்தில் கட்டிவிட்டு உட்கார்ந்திருந்தாரே, அந்த மாதிரி நின்றார். அப்புறம் தட்டை இரண்டு கையாலும் வாங்கினார். வாங்கி, மெதுவாகச் சுற்றி, கரிந்த இரண்டு இடங்களும் தன் பக்கம் வருகிற மாதிரியும், நல்ல விளிம்பு பெண்ணின் பக்கம் போகிற மாதிரியும் திருப்பிக்கொண்டார். திருப்பிக்கொண்ட பிறகுதான் விபூதியை எடுத்து அவள் நெற்றியில் வைத்தார். அவர் அழுதார். அன்றைக்கு மழைத்தண்ணீர்ப் பேசினை அவர் சாக்குச் சொல்லவில்லை. நான் பக்கத்தில் போய், "ரொம்ப நன்றி அண்ணே" என்றேன். "சரி தங்கச்சி" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு நான் அவ்வளவு காலம் காத்திருந்தேன்.

அவர் இப்போது இல்லை. அந்தப் படகின் பலகைகள் யார் வீட்டு அடுப்புக்குப் போயினவோ. நான் வேலையிலிருந்து ஓய்ந்தும் வெகுகாலம் ஆகிவிட்டது. ஆனால் கடைசிப் பிரசவம் வரைக்கும், வலி விட்ட நேரத்தில் ஒரு பெண்ணிடம் சும்மா கிட என்று சொல்லும்போதெல்லாம், அது என் சொல்லா அவர் சொல்லா என்று எனக்குத் தெரிந்ததில்லை. ஆயுத பூஜைக்கு என் மகள் தன் பிள்ளைகளோடு வருவாள். என் கத்தரிக்கோலையும் பேரனின் புத்தகங்களையும் வைத்து, நடுவில் தட்டை வைப்பாள். பொரியும் கடலையும் போட்டு, பழத்தையும் வைத்து, கற்பூரம் காட்டக் கூப்பிடுவாள். நான் போய் உட்கார்ந்ததும் முதலில் செய்வது தட்டைத் திருப்புவதுதான். நல்ல விளிம்பு பிள்ளைகள் பக்கம், கரிந்த பக்கம் என் பக்கம்.